பயணியின் பெட்டி: சுங்க வரலாற்றில் ஒரு பக்கம்

வரிகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நிலவரியையே எழுதினர். கராஜ் என்ன, உஷ்ர் என்ன, சோழர் ஆட்சியில் குடிமக்கள் செலுத்திய கடமை என்ன, முகலாயர் நிலத்தை அளந்த முறை என்ன என்பனவற்றை ஆராயும் நூல்களுக்குக் குறைவில்லை. துறைமுகங்களில் வணிகர் செலுத்திய சுங்கத்தைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. ஆனால், வணிகனாக அன்றி வெறும் பயணியாக ஓர் எல்லையில் வந்து நின்றவனின் பெட்டியை அரசு எவ்வாறு நடத்தியது என்ற வினா அதிகம் எழுப்பப்படவில்லை.

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. சபுராளி ஒருவரையேனும் அறியாத தெரு நம் ஊர்களில் அரிது. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய தலைமுறையும், துபாய்க்கும் ஜித்தாவுக்கும் விமானமேறிய தலைமுறையும் ஊர் திரும்பும்போது சுங்க மேசையின் முன் நின்றே வீடு வந்து சேர்ந்தன. அம்மேசையின் முன் எழுகின்ற கேள்விகள் மூன்று. கொண்டுவந்த பொருள் சொந்த உபயோகத்துக்கா, விற்பனைக்கா? எவ்வளவு வரை வரியின்றி விடலாம்? பயணியின் சொல்லை ஏற்பதா, பெட்டியைத் திறப்பதா? இம்மூன்றும் விமானத்தோடு பிறந்தவை அல்ல. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே எழுப்பப்பட்டு, விடையும் காணப்பட்டவை. அவ்விடைகள் பிற்காலத்தில் என்ன ஆயின என்பதையே இங்குக் காண முற்படுகிறோம்.

ஆஷிரின் மேசை

இஸ்லாமிய ஆட்சியில் வணிகச் சுங்கம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஒழுங்கு பெற்றது. முஸ்லிம் வணிகர்கள் அயல்நாட்டு எல்லைகளில் பத்தில் ஒரு பங்கு செலுத்த நேர்கிறது என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதிக் கேட்டபோது, அவர்கள் நம்மவரிடம் வாங்குவது போலவே அவர்களிடம் வாங்குமாறு கலீஃபா பதில் அனுப்பினார்கள். இன்றைய வணிக உடன்படிக்கைகளில் பேசப்படும் எதிரீட்டு முறை இதுவே. அயல்நாட்டு வணிகரிடம் 10 விழுக்காடு, திம்மிகளிடம் 5 விழுக்காடு, முஸ்லிம்களிடம் ஜகாத்தின் அளவாகிய 2.5 விழுக்காடு என்று விகிதம் அமைந்தது. வழியில் நின்று இதனை வசூலித்தவர் ஆஷிர் எனப்பட்டார். கள்வரிடமிருந்து வணிகரைக் காப்பது ஆஷிரின் கடமை என்பதையும் ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் அவருடைய இலக்கணத்திலேயே சேர்த்துச் சொல்கின்றன. பாதுகாப்பு அளிப்பதால் வரி வாங்கும் உரிமை பிறக்கிறது என்பது அவர்களுடைய வாதம்.

அப்பாசியக் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் தலைமை நீதிபதியாக இருந்த இமாம் அபூ யூசுஃப், கலீஃபாவின் வேண்டுகோளுக்கிணங்க ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலை இயற்றினார். அதில் உஷ்ர் பற்றிய பகுதி நம் பொருளுக்கு இன்றியமையாதது. சரக்கின் மதிப்பு 200 திர்ஹம் வெள்ளியையோ 20 மித்கால் பொன்னையோ எட்டவில்லையெனில் ஒன்றும் வாங்கலாகாது. ஒருமுறை வாங்கிய சரக்கின் மீது அவ்வாண்டிலேயே மறுமுறை வாங்கலாகாது. முஸ்லிமோ திம்மியோ தன் பொருள் வணிகத்துக்கானதன்று என்றோ, தனக்குக் கடன் உள்ளது என்றோ சத்தியம் செய்து சொன்னால் அச்சொல் ஏற்கப்படும். வரியில்லா வரம்பு என்று இன்று நாம் அழைப்பது, ஜகாத்தின் நிஸாபிலிருந்து பெறப்பட்ட வடிவில் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நிர்வாக நூலில் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

அந்நூலிலுள்ள ஒரு செய்தி இன்னும் நுட்பமானது. உமர் (ரலி) அவர்களால் உஷ்ர் வசூலுக்கென முதன்முதலில் அனுப்பப்பட்டவர் ஸியாத் இப்னு ஹுதைர். எவரையும் சோதனையிட வேண்டாம் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளைகளுள் ஒன்று என்று அவர் வாயிலாகவே அறிவிக்கப்படுகிறது. பேரரசு ஒன்று விரிந்துகொண்டிருந்த காலம். படைகளுக்குப் பொருள் தேவைப்பட்ட காலம். அக்காலத்தில் முதல் சுங்க அலுவலருக்குப் பிறர் மூட்டையைத் துழாவும் உரிமை மறுக்கப்பட்டிருக்கிறது. இதனை வெறும் பெருந்தன்மை என்று நாம் கருதவில்லை. வசூலிக்கப்பட்டது முஸ்லிமைப் பொறுத்தவரை ஜகாத். ஜகாத் என்பது வணக்கம். வணக்கத்தைச் சோதனையிட்டுப் பெற முடியாது என்ற தெளிவு அக்கட்டளையின் பின்னே இருந்திருக்க வேண்டும்.

இதற்கு மாறாக, ஷரீஅத்தில் இடமில்லாத வழிச்சுங்கம் ‘மக்ஸ்’ எனப்பட்டது. அதை வசூலிப்போர் பற்றிய கடும் எச்சரிக்கை ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் அல்மாவர்தீ, இஸ்லாமிய நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் சரக்கின் மீது வரி வாங்குவது தடுக்கப்பட்டது என்றே எழுதினார். எழுதப்பட்டது ஒன்று, எல்லைகளில் நடந்தது மற்றொன்று.

அலெக்சாந்திரியாவும் அக்காவும்

நடந்தது என்ன என்பதை அறிய இப்னு ஜுபைரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஸ்பெயினின் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்ட அவர் 1183ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அலெக்சாந்திரியாவில் இறங்கினார். அரசர் ஸலாஹுத்தீன். அவர்மீது இப்னு ஜுபைருக்கு அளவற்ற மதிப்பு. ஆயினும் துறைமுகத்தில் நடந்ததை அவர் மறைக்கவில்லை. அலுவலர்கள் கப்பலில் ஏறி ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் அடையாளத்தையும் எழுதிக்கொண்டனர். கையிலுள்ள சரக்கையும் பணத்தையும் கேட்டு அதற்கு ஜகாத் கட்டச் சொன்னார்கள். அப்பொருள் ஓராண்டு கைவசம் இருந்ததா இல்லையா என்று எவரும் விசாரிக்கவில்லை. ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டவர்கள் வழிச்செலவுக்கென வைத்திருந்ததே அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது. பின்னர் மூட்டைகள் கரைக்குச் சுமந்து செல்லப்பட்டு, சுங்க திவானில் நெரிசலுக்கிடையே பிரிக்கப்பட்டன. இடுப்பு மடிப்புகளுக்குள்ளும் கைகள் நுழைந்தன. இத்தனைக்கும் பிறகு, வேறு எதுவும் தம்மிடம் இல்லையென்று சத்தியமும் செய்யச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் பலருடைய உடைமைகள் காணாமற்போயின.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அபூ யூசுஃபின் நூலில் சத்தியம் சோதனைக்கு மாற்றாக நிற்கிறது. சத்தியம் செய்தவன் மூட்டையைத் திறக்க வேண்டியதில்லை. அலெக்சாந்திரியாவிலோ சோதனை முடிந்தபின் அதன்மேல் சத்தியமும் கேட்கப்படுகிறது. ஜகாத் என்ற பெயர் அப்படியே இருக்கிறது. நிஸாபும் இல்லை, ஆண்டுக் கணக்கும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. இதையெல்லாம் ஸலாஹுத்தீன் அறியமாட்டார், அறிந்திருந்தால் நிறுத்தியிருப்பார் என்று இப்னு ஜுபைர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். நல்ல அரசனின் குடிமக்கள் எல்லாக் காலத்திலும் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது.

அந்த ஆறுதலுக்கு ஆதாரமும் இல்லாமலில்லை. ஃபாத்திமீக்கள் காலத்தில் செங்கடலைக் கடந்து ஹஜ்ஜுக்குச் செல்வோர் தலைக்கு ஏழரை தீனார் மக்ஸ் செலுத்த வேண்டியிருந்தது. செலுத்த இயலாத ஏழைகள் ஐதாப் துறைமுகத்தில் சித்திரவதைக்குள்ளானதை இப்னு ஜுபைர் எழுதுகிறார். அந்த வரியை ஸலாஹுத்தீன் நீக்கினார். நீக்கியதோடு நில்லாமல், வருவாயை இழந்த மக்காவின் அமீருக்கு ஈடாக 2,000 தீனாரும் 2,000 இர்தப் கோதுமையும் ஆண்டுதோறும் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஒரு வரியை ஒழிப்பதற்கு ஆணை மட்டும் போதாது, அவ்வரியால் வாழ்ந்தவருக்கு வேறு வழி காட்ட வேண்டும் என்ற நிர்வாக அறிவு இதில் தெரிகிறது. அந்த ஈட்டுத்தொகை வந்துசேரத் தாமதமானபோது ஹாஜிகளை ஜித்தாவில் நிறுத்தி ஒருவருக்கொருவர் பிணை கேட்டதையும் இப்னு ஜுபைர் நேரிலேயே பட்டறிந்தார்.

மறு ஆண்டு, 1184 செப்டம்பரில், திரும்பும் வழியில் அவர் சிலுவைப் போராளிகளின் வசமிருந்த அக்காவுக்கு வந்தார். அந்நகரை அல்லாஹ் அழிப்பானாக என்று வேண்டுகிற அதே ஏட்டில், அதன் சுங்கச்சாவடியைப் பற்றி அவர் எழுதியிருப்பது வியப்பளிக்கிறது. விரிப்பு விரித்த திண்ணைகளில் கிறித்தவ எழுத்தர்கள் அமர்ந்திருந்தனர். அவர்கள் முன் பொன் வேலைப்பாடு செய்த கருங்காலி மைக்கூடுகள். அரபியில் எழுதினர், அரபியில் பேசினர். சுங்கம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. வணிகர் சரக்குகளை இறக்கினர். வணிகரல்லாதாருடைய மூட்டைகளிலும் சரக்கு மறைந்திருக்கிறதா என்று பார்த்தபின் அவர்களைப் போகவிட்டனர். எல்லாம் மென்மையோடும் மரியாதையோடும், கடுமையோ நெருக்கடியோ இன்றி நடந்தன என்று அவர் சாட்சியம் அளிக்கிறார். எதிரியின் துறைமுகத்தில் கண்ட நயத்தைத் தம்மவர் துறைமுகத்தில் காணாததை அந்தப் பயணி மறைக்காமல் எழுதினார். சோதனை இரண்டிடத்திலும் உண்டு. வேறுபாடு அது நடந்த விதத்தில் இருந்தது.

அதே ஃபிரங்கிகள் தொரோன் எனப்பட்ட திப்னீன் கோட்டையில் மக்ரிப் நாட்டுப் பயணிகளிடம் மட்டும் தலைக்கு ஒரு தீனாருக்குச் சற்று மேலாக வாங்கினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. முன்பு மக்ரிபிகள் சிலர் நூருத்தீனின் படையில் சேர்ந்து ஒரு கோட்டையைப் பிடிக்க உதவினர். அதற்கான தண்டம் அது. கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துப் பயணியின் பெட்டியை நடத்தும் வழக்கமும் பழையதே.

இப்னு பத்தூத்தாவின் பெரிய மூட்டை

1326இல் எகிப்திலிருந்து ஷாம் நோக்கிச் சென்ற இப்னு பத்தூத்தா, பாலைநிலத்தில் கத்யா என்ற சாவடியைக் கண்டார். அங்கே வணிகரிடம் ஜகாத் வாங்கப்பட்டது. மூட்டைகள் துருவிச் சோதிக்கப்பட்டன. அன்றாட வருவாய் 1,000 பொன் தீனார் என்கிறார். அனுமதிச்சீட்டு இன்றி எவரும் இருபுறமும் கடக்க இயலாது. இரவில் மணலைச் சமன்செய்து வைப்பார்கள். காலையில் அதிகாரி வந்து பார்க்கும்போது காலடித் தடம் தென்பட்டால், காவலுக்குப் பொறுப்பேற்ற அரபிகள் அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். கண்காணிப்புக் கருவிகள் எதுவும் இல்லாத காலத்துக் கண்காணிப்பு இது.

நம் நாட்டின் எல்லையில் அவர் பட்ட அனுபவம் இன்னும் சுவையானது. சிந்து நதியை அடைந்து முல்தானை நெருங்கியபோது, ஓர் ஆற்றுத் துறையில் சுங்கச் சோதனை நடந்தது. வணிகர் கொண்டுவரும் பொருளில் நான்கில் ஒரு பங்கும், குதிரை ஒன்றுக்கு ஏழு தீனாரும் அன்று வாங்கப்பட்டன. நிஸாபும் 2.5 விழுக்காடும் எங்கே, இந்த 25 விழுக்காடு எங்கே! தம் மூட்டையைத் திறப்பது இப்னு பத்தூத்தாவுக்குச் சங்கடமாக இருந்தது. கடத்தற் பொருள் எதுவும் அதில் இல்லை. பார்வைக்குப் பெரிய மூட்டை, உள்ளே மதிப்புடையது ஏதுமில்லை என்பதுதான் அவருடைய கவலை. முல்தான் ஆளுநரின் அலுவலர் ஒருவர் வந்து, இவருடைய மூட்டையைச் சோதிக்க வேண்டாம் என்று தடுத்தது இறையருளால் என்று நன்றியோடு எழுதுகிறார். சுங்க மேசையில் பெட்டி திறக்கப்படும்போது வெளிப்படுவது வரிக்குரிய பொருள் மட்டுமன்று. பயணியின் நிலையும் வெளிப்படுகிறது. சபுராளியின் பெட்டிக்காகக் காத்திருக்கும் வீட்டாரை அறிந்தவர்கள் இப்னு பத்தூத்தாவின் சங்கடத்தை எளிதில் உணர்வார்கள். பிற்காலத்தில் முஹம்மத் பின் துக்ளக் இத்தகைய சுங்கங்களை நீக்கி, ஜகாத்தும் உஷ்ரும் மட்டுமே போதும் என்று ஆணையிட்டதையும் அவர் பதிவுசெய்கிறார்.

சுங்கம் தவிர்த்தவர்கள்

சுங்கத்தை நீக்கிய அரசர்களின் பட்டியல் நீளமானது. தமிழகத்தில் முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர் பெற்றான். ஜஹாங்கீர் 1605இல் அரியணை ஏறியதும் பிறப்பித்த பன்னிரண்டு ஆணைகளில் முதலாவது வழிச்சுங்கங்களை நீக்குவதாகும். ஒரே வரியை அடுத்தடுத்த அரசர்கள் நீக்குவதிலிருந்தே, முன்னவர் நீக்கியது நிலைக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால், அவுரங்கசீப் காலத்து நிகழ்வு வேறு வகையில் ஆராயத்தக்கது. 1665இல் அவர் முஸ்லிம் வணிகருக்கு 2.5 விழுக்காடும் இந்து வணிகருக்கு 5 விழுக்காடும் என்று சுங்கத்தை வகுத்தார். 1667இல் முஸ்லிம்களுக்கு அதை முற்றிலும் நீக்கினார். விளைவு என்ன? பிறருடைய சரக்கைத் தம்முடையது என்று சொல்லிக் கடத்திவிடும் முஸ்லிம்கள் தோன்றினர். கருவூலம் இழப்பைச் சந்தித்தது. பின்னர் முஸ்லிம்களுக்கும் 2.5 விழுக்காடு மீண்டும் விதிக்கப்பட்டது. குடிகளிடையே பேதம் கற்பித்த அவ்வாணையின் நியாயம் ஒருபுறம் இருக்க, சுங்கவியலின் நோக்கில் அது ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது. சலுகை பொருளுக்கு உரியதாக இல்லாமல் ஆளுக்கு உரியதாக இருந்தால், அந்த ஆள் தன் சலுகையை வாடகைக்கு விடத் தொடங்குவான்.

இக்காலத்தில் அவ்வாறு வாடகைக்கு விடுவோரைத் தமிழர்கள் ‘குருவி’ என்று அழகாகப் பெயரிட்டு அழைக்கிறார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் இடையே அடிக்கடி பறந்து, தன் பெயருக்குரிய வரம்பில் பிறர் சரக்கைக் கொண்டுவந்து கூலி பெறுபவனே குருவி. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியோருக்காகத் தோன்றிய சென்னை பர்மா பஜாரின் கடைகளில் அடுக்கப்பட்ட அயல்நாட்டுப் பொருள்களுக்கும் இக்குருவிகளுக்கும் இருந்த உறவு அனைவரும் அறிந்தது. குருவியின் பெட்டியால் துன்புறுபவர் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மெய்யான பயணியே. நம் சமுதாயத்து இளைஞர்கள் சிலரும் கூலிக்காக இத்தொழிலில் இறங்கியதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ‘கொண்டுபோய்க் கொடுங்கள்’ என்று பிறர் தரும் பொட்டலத்தைத் தன் பொருள் என்று சொல்வது, அபூ யூசுஃபின் ஆஷிர் ஏற்றுக்கொண்ட அந்தச் சத்தியத்தின் அடித்தளத்தையே அரிக்கிறது.

வானூர்திக் காலம்

விமானப் பயணம் பெருகியபோது சுங்கவியலார் முன் புதிய சிக்கல் எழுந்தது. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் இறங்கின. அங்கே இறங்கிய பயணி அந்நாட்டுக்குள் நுழையவில்லை. எனவே அந்நாட்டு வரிக்கும் உட்பட்டவனல்லன் என்று வாதிடப்பட்டது. 1947இல் அயர்லாந்து ஷானனைச் சுங்கமற்ற விமான நிலையமாக்கச் சட்டம் இயற்றியது. பிரெண்டன் ஓ’ரீகன் என்பவரின் முயற்சியில் அங்கே தோன்றிய கடையே விமான நிலையங்களின் முதல் வரியில்லாக் கடை. 1983 டிசம்பரில் துபாய் தன் வரியில்லாக் கடையைத் தொடங்கியபோது அயர்லாந்து விமான நிலைய நிறுவனத்தின் அனுபவசாலிகளையே அழைத்து அமைத்தது. சபுராளிகள் ஊர் திரும்பும் நாளில் கடைசி திர்ஹம்களைச் செலவிட்ட அந்தக் கடையின் மூதாதை ஷானனில் இருக்கிறது.

பயணியின் பெட்டிக்குள் எவையெவை ‘சொந்த உடைமை’ என்பதை நாடுகள் கூடி வரையறுத்தது 1954இல். அவ்வாண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் ஏற்பாட்டில் உருவான சுற்றுலாச் சுங்க வசதி உடன்படிக்கை ஒரு பட்டியலைத் தந்தது. அதைப் படிப்போருக்கு அன்றைய பயணி யார் என்பது கண்முன் தோன்றும். ஒரு புகைப்படக் கருவி, அதற்கு ஐந்து படச்சுருள். ஒரு கையடக்க கிராமபோன், அதற்குப் பத்து இசைத்தட்டுகள். ஒரு தட்டச்சுப் பொறி. ஒரு கூடாரம். ஒரு மீன்பிடிக் கருவித் தொகுதி. ஒரு வேட்டைத் துப்பாக்கி, அதற்கு ஐம்பது தோட்டாக்கள். இரண்டு டென்னிஸ் மட்டைகள். இவை தவிர 200 சிகரெட்டும் ஒரு புட்டி திராட்சை மதுவும் கால் லிட்டர் சாராயமும் சிறிதளவு வாசனைத் திரவியமும்.

இப்பட்டியல் மனக்கண்ணில் கண்ட பயணி விடுமுறைக்குச் செல்லும் ஐரோப்பியர். பொழுதுபோக்கக் கொண்டுசென்று, திரும்பக் கொண்டுவருபவர். மூன்றாண்டு வெயிலில் உழைத்து, தாய்க்கும் தங்கைக்கும் மனைவிக்கும் பொருள் சுமந்து வரும் தொழிலாளியின் பெட்டி இப்பட்டியலுக்குள் அடங்காது. அவர் சுமந்த கோடாலித் தைலமும் கைலியும் டூ-இன்-ஒன் வானொலியும் பேரீச்சம்பழமும் அவருடைய உபயோகத்துக்கு அல்லவே. சலுகைப் பட்டியல்களில் மதுவுக்கும் புகையிலைக்கும் கிடைத்த தனி மரியாதை நம் பயணிகளில் பெரும்பாலோருக்குப் பயன்படாத மரியாதை என்பதையும் சொல்லிச் செல்லலாம்.

மூன்றாவது வினாவாகிய ‘சொல்லா, சோதனையா’ என்பதற்கு விமான நிலையம் கண்ட விடை இரட்டை வழி. உலகச் சுங்க அமைப்பின் முன்னோடியான சுங்க ஒத்துழைப்பு மன்றம் 1971இல் விமானப் பயணிகளுக்கு இம்முறையைப் பரிந்துரைத்தது. 1999இல் திருத்தப்பட்டு 2006இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ உடன்படிக்கையும் அதை ஏற்றது. வரிக்குரியது உண்டு என்பவர் சிவப்பு வழி. இல்லை என்பவர் பச்சை வழி. பச்சை வழியில் காலெடுத்து வைப்பதே ஓர் அறிவிப்பு. வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லை ஏற்பது பொது விதி, சோதனை விதிவிலக்கு என்ற கொள்கை இவ்வாறு மீண்டும் நிலைபெற்றது. கோடிக்கணக்கானோரின் பெட்டிகளைத் திறந்து பார்க்க எந்த அரசாலும் இயலாது என்ற நடைமுறைத் தேவையே இதற்குக் காரணம். ஸியாதுக்கு இடப்பட்ட கட்டளைக்கும் இதற்கும் இடையே நோக்கத்தில் தொலைவு உண்டு.

ரூபாயும் எடையும்

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். பயணி தன் பெட்டியிலுள்ளதை அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 77ஆம் பிரிவு. பயணியோ அவர் குடும்பத்தாரோ பயன்படுத்துவதற்குரியதும், உண்மையான அன்பளிப்பும், நினைவுப் பொருளும் விதிகளில் சொல்லப்பட்ட வரம்புக்குள் வரியின்றி விடப்படலாம் என்கிறது 79ஆம் பிரிவு. குடும்பம், அன்பளிப்பு என்ற சொற்களால் இச்சட்டம் 1954இன் பட்டியலைவிட நம் சபுராளிக்கு நெருக்கமாக வருகிறது. உடலைச் சோதிக்க நேர்ந்தால் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நீதித்துறை நடுவர் முன் அழைத்துச் செல்லுமாறு கோரும் உரிமையும், பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும் என்ற விதியும் 102ஆம் பிரிவில் உள்ளன. இவற்றை நம் பயணிகள் அறிந்திருப்பது நன்று.

சிக்கல் தங்கத்தில் எழுந்தது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்வதைத் தடுத்தன. 1968இல் அவை தனிச் சட்டமாயின. 1990இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1992இல் வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் வரி செலுத்தி 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று கதவு திறந்தது. இது வரி கட்டும் வசதி. வீட்டில் குமர் ஒன்று காத்திருக்க, சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டு வளையலையும் ஒரு சங்கிலியையும் கொண்டுவரும் தொழிலாளிக்கு முக்கியமானது வரியில்லா நகை வரம்பு.

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவர்களில் ஆணுக்கு ரூ.10,000, பெண்ணுக்கு ரூ.20,000 என்ற வரம்பு 1991இல் அமைந்தது. அன்று 10 கிராம் தங்கம் ஏறத்தாழ ரூ.3,500. ஆகவே, ஓர் ஆண் பயணி சுமார் மூன்றரைப் பவுன் நகையை வரியின்றிக் கொண்டுவர முடிந்தது. அந்த வரம்பு 2013 வரை, அதாவது இருபத்திரண்டு ஆண்டுகள், மாறவேயில்லை. அதற்குள் 10 கிராம் தங்கம் ரூ.30,000 அளவுக்கு ஏறிவிட்டது. எவரும் சட்டத்தைத் திருத்தாமலே மூன்றரைப் பவுன் அரைப் பவுனுக்கும் கீழே சுருங்கிற்று. 1991இல் சட்டம் நேர்மையான பயணியாகக் கருதிய அதே மனிதரை 2012இல் அதே வளையல்களோடு அதே சட்டம் குற்றவாளியாகக் கண்டது. 2013 வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், இவ்விதி 1991க்குப் பின் திருத்தப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டு, ஆணுக்கு ரூ.50,000 என்றும் பெண்ணுக்கு ரூ.1,00,000 என்றும் உயர்த்தினார்.

2016ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகள் இதனோடு எடையையும் சேர்த்தன: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம், ஆனால் மேற்சொன்ன ரூபாய் வரம்பும் உண்டு. வந்த புதிதில் இரண்டும் ஏறத்தாழப் பொருந்தின. தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 2013இல் 10 விழுக்காடாகவும், 2019இல் 12.5 ஆகவும், 2022இல் 15 ஆகவும் உயர்ந்து, 2024 ஜூலையில் 6 ஆகக் குறைந்தது. விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. 2025இல் கிராம் ரூ.9,000ஐத் தாண்டியபோது ரூ.50,000க்கு ஆறு கிராமும் தேறவில்லை. ஏட்டில் 20 கிராம், மேசையில் ஆறு கிராம் என்ற முரண்பாட்டில் எத்தனையோ பயணிகள் சிக்கினர்.

நிஸாபை வகுத்தோரின் நுண்ணறிவு இங்கே விளங்குகிறது. அவர்கள் வரம்பை உலோகத்தின் எடையில் வைத்தனர். 20 மித்கால் பொன் என்பது இன்றைய கணக்கில் 85 முதல் 87 கிராம் வரை. விலை ஏறினாலும் இறங்கினாலும் அது 20 மித்காலாகவே இருக்கிறது. நிஸாபின் நோக்கம் வேறு, பயணச்சுமைச் சலுகையின் நோக்கம் வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. இரண்டையும் சமன்படுத்தவும் முனையவில்லை. நாணயத்தில் எழுதப்பட்ட வரம்பு காலத்தால் தேய்கிறது, எடையில் எழுதப்பட்டது தேய்வதில்லை என்ற அளவில் ஒப்பீடு நிற்கிறது.

2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய பயணச்சுமை விதிகள் நகைக்கான ரூபாய் வரம்பை நீக்கிவிட்டு எடையை மட்டும் வைத்துக்கொண்டன. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம், பிறருக்கு 20 கிராம். பிற பொருள்களுக்கான பொது வரம்போ ரூ.50,000லிருந்து ரூ.75,000 ஆக உயர்ந்ததே தவிர, இன்னும் ரூபாயிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எடை வரம்பும் நகைக்கு மட்டுமே உரியது. தங்கக் காசுக்கும் கட்டிக்கும் அது பொருந்தாது. மகளுக்கு வளையலாக வாங்கினால் சலுகை, கூலி குறையட்டும் என்று காசாக வாங்கினால் சலுகை இல்லை. இந்த வேறுபாட்டைப் புறப்படும் முன்பே கேட்டறிந்து வருகிற பயணி சிவப்பு வழி எது, பச்சை வழி எது என்பதில் தடுமாற வேண்டியதில்லை.